செவியாவில் எங்கே சாப்பிடலாம்? (அதைவிட முக்கியம், எப்போ?)

அடுத்த மாசம் ஸ்பெயின் போறேன், செவியால சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு நண்பர் ஒருத்தர் போன்ல கேட்டார். (நாம செவில்னு படிக்கிற ஊர்தாங்க.) ரெண்டு மூணு கடை பேரைச் சொல்லிட்டு வெச்சுட்டேன். அப்புறம்தான், சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லைன்னு உறைச்சுது. அதான் இங்கே எழுதறேன்.

2019 மார்ச்சில் அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அப்பாவுக்கு அப்போ வயசு 71. இருபது வருஷமா சர்க்கரை, காலையில இன்சுலின். சட்டைப்பையில எப்பவும் ஒரு மேரி பிஸ்கெட் பாக்கெட் இருக்கும். முதல் நாள் கிளம்பும்போது, "ஸ்பெயினுக்கு வந்தும் மேரி பிஸ்கெட்டாப்பா? தாபாஸ் சாப்பிடலாம் வாங்க"ன்னு அதைப் பிடுங்கி ஹோட்டல் மேஜை மேல வெச்சது சாட்சாத் நான்தான். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

பன்னிரண்டரைக்குப் பசிச்சுது. போன கடையில எல்லாம் சமையல் இன்னும் ஆரம்பிக்கலைன்னுட்டாங்க. சரி, ஒரு காபியும் ரெண்டு துண்டு ரொட்டியும் போதும், முதல்ல கதீட்ரல் பார்த்துடலாம்னு வரிசையில நின்னோம். அங்கே இருக்கற கிரால்தா கோபுரத்துல மேலே ஏற படிக்கட்டு கிடையாது, 35 சரிவுப் பாதைகள். ஒரு காலத்துல மசூதியோட கோபுரமா இருந்தப்போ குதிரையிலயே ஏறுவாங்களாம். அப்பா குதிரை இல்லாமலே ஏறினார். எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு.

கீழே வந்தப்போ மணி நாலே முக்கால். மதியச் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு போச்சு! அந்த ஊர்ல மதியச் சாப்பாடு ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும். அப்புறம் ராத்திரி எட்டரை வாக்கில்தான் அடுப்பு பத்த வைப்பாங்க. நடுவுல நீங்க ராஜாவே ஆனாலும் சூடா எதுவும் கிடைக்கிறது கஷ்டம். ஒரு கடை, ரெண்டு கடை, நாலு கடை... எல்லா இடத்துலயும் அதே தலையாட்டல்.

அப்பா பேச்சைக் குறைச்சுட்டார். கோபம்னு நினைச்சேன். ஒரு பெஞ்சுல உட்கார்ந்து, "நீ போய்ப் பார்த்துட்டு வா தம்பி, நான் இங்கயே இருக்கேன்"ன்னார். அவர் அப்படிச் சொல்ற ஆளே இல்லை. பக்கத்துல போய்ப் பார்த்தா சட்டைக் காலர் முழுக்க நனைஞ்சிருக்கு. கை நடுங்குது. சர்க்கரை இறங்கிடுச்சு. பிஸ்கெட்? ஹோட்டல் மேஜை மேல சௌக்கியமா இருக்கு.

தலைக்கு மேல ஆரஞ்சு மரம். செவியா தெருவெல்லாம் ஆரஞ்சு மரம்தான். சீசன் முடிஞ்சும் ஒண்ணு ரெண்டு தொங்கிட்டிருந்தது. எட்டிப் பறிச்சு, உரிச்சு, வாயில வெச்சேன். தூன்னு துப்பிட்டார். "எட்டிக்காய்டா இது!" அது மார்மலேட் பண்ற கசப்பு ஆரஞ்சாம். இங்கிலாந்துக்காரங்க காலங்காலமா வாங்கறது இதைத்தான். அதெல்லாம் அப்புறமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. அந்த நிமிஷம் எனக்கு அழுகைதான் வந்துது.

முனையில ஒரு சின்ன பார். உள்ளே ஓடி, "சூமோ, சூமோ"ன்னு கத்தினேன். (ஜூஸுக்கு ஸ்பானிஷ்ல அதுதான் வார்த்தை. டாடா சூமோ புண்ணியத்துல மனசுல நின்னுடுச்சு.) கல்லாவுல இருந்த அம்மா என் மூஞ்சியையும் கண்ணாடி வழியா பெஞ்சையும் பார்த்தாங்க. ஒரு கேள்வி கேட்கலை. ஜூஸைப் பிழிஞ்சு, நாலு சர்க்கரைப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்கி, அவங்களே வெளியே எடுத்துட்டு வந்தாங்க. கால் மணி நேரத்துல அப்பா முகத்துல ரத்தம் வந்துது. அப்புறம் உள்ளே உட்கார வெச்சு தொர்ரிஹா ஒண்ணு வெச்சாங்க. ரொட்டியைப் பாலிலோ ஒயினிலோ ஊற வெச்சு, முட்டையில தோய்ச்சுப் பொரிச்சு, தேன்ல போட்டு எடுக்கறது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துப் பலகாரம். இருபது வருஷமா வீட்ல ஒருத்தரும் அவருக்குத் தராத ஐட்டம். சொட்டு விடாம சாப்பிட்டுட்டு, "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். நீ ஆசையா சுத்திட்டிருந்தே"ன்னார். நான் தட்டையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

சரி, கடைகளுக்கு வர்றேன். மறுநாள் பிஸ்கெட்டோட (ரெண்டு பாக்கெட்!) மதியம் ரெண்டு மணிக்கு எல் ரின்கோன்சியோ. 1670லிருந்து இருக்கற கடைங்க. கூரையிலேர்ந்து பன்றித்தொடை வரிசையா தொங்கும். அப்பா அந்தப் பக்கம் பார்க்காம நின்னுக்கிட்டார். நின்னுக்கிட்டே சாப்பிடறதுதான் அங்கே அழகு. கீரையும் கொண்டைக்கடலையும் போட்ட ஒரு தாபா கேளுங்க. சீரகம் மணக்கும், பூண்டு தூக்கலா இருக்கும், சைவக்காரங்களும் சாப்பிடலாம். அப்பா ரெண்டு தட்டு. காட் மீனை மாவுல தோய்ச்சுப் பொரிக்கிற பாவியா இன்னொண்ணு. பஜ்ஜியேதான்.

பில்லை மரக் கவுன்ட்டர் மேலயே சாக்பீஸ்ல எழுதறாங்க. ஊர்ல முப்பது வருஷம் மளிகைக்கடை நடத்தின மனுஷன் அப்பா. சும்மா விடுவாரா? தலைகீழா எட்டிப் பார்த்துக் கூட்டிச் சரிபார்த்துட்டு, "சரியா இருக்கு"ன்னு தமிழ்லயே சர்டிபிகேட் கொடுத்தார். எழுதினவர் ஒரு கும்பிடு போட்டார்.

கதீட்ரல் பக்கத்துல காசா மொராலெஸ், 1850ல ஆரம்பிச்சது. ஆள் உயரத்துக்கு மேல மண் ஜாடிகள் நிக்கும், ஒயின் வெச்சிருந்தவை. அதைப் பார்க்கவே போகலாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் ட்ரியானா மார்க்கெட். அதுக்கு அடியில இருக்கறது இன்குவிசிஷன் விசாரணை நடந்த கோட்டையோட இடிபாடு. மேலே மீனும் ஆலிவும் வியாபாரம் ஜோரா நடக்குது.

சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சல்மொரேஹோன்னு கெட்டியான தக்காளி சூப், குளிர்ச்சியா அமிர்தம் மாதிரி இருக்கும். மேலே முட்டையும் ஹாமோனும் தூவித்தான் வரும். "சின் ஹாமோன்"னு முன்னாடியே சொல்லிடுங்க. காய்கறின்னு போட்டிருந்தாலும் கேட்டுக்கறது நல்லது. ஸ்பெயின்ல பன்றி எங்கே ஒளிஞ்சிருக்கும்னு சொல்ல முடியாது.

கடைசி நாள் சான் லெயாந்த்ரோ கான்வென்ட். கன்னியாஸ்திரிகள் செய்யற யேமாஸ், முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் மட்டும்தான் முக்கால்வாசி. அவங்க முகத்தை நீங்க பார்க்க முடியாது. சுவத்துல சுழல்ற மர உருளை ஒண்ணு இருக்கும், அதுல பணத்தை வெச்சா சுத்திப் போய் பெட்டி வரும். எனக்கு முன்னாடி அப்பா நோட்டை வெச்சுட்டார்.

"அப்பா, சர்க்கரை..."

"மருந்துடா. பிஸ்கெட்டை நீ பிடுங்கினா இது இருக்கும்ல"ன்னு பெட்டியை வாங்கி, சட்டைப்பையில நுழையாததால கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடந்தார்.