அறுபத்தொரு கட்டைகள்: வன்னி வீதியில் ஓர் இசைத் தேட்டம்

வன்னி என்றதும் நம் உள்ளத்தில் எழுவன குளங்களும் வயல்களும் அடர்காடுகளுமேயாம். பண்டாரவன்னியன் புகழும், கடல்நீரில் விளக்கேற்றும் மரபோடு கூடிய வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலும், முறிகண்டிப் பிள்ளையார் முன்னே வண்டிகள் நின்று செல்லும் வழக்கமும் உடனே நினைவுக்கு வரும். பியானோ என்னும் மேனாட்டு இசைக்கருவியை இவற்றோடு சேர்த்து எண்ணுவார் மிகச் சிலரே. ஆயினும் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய ஊர்களில் இன்று நண்பர் இல்லங்களுக்குச் செல்பவர் இவ்வினாவை அடிக்கடி கேட்கலாம்: "பிள்ளை பியானோ பழக ஆசைப்படுகிறது. எங்கள் வரும்படிக்கு எந்தக் கீபோட்டை வாங்குவது?"

வினா சிறிது, விடை அத்துணைச் சிறிதன்று. ஒரு போகத்து நெல்லை விற்ற பணத்திலிருந்தோ, அரசாங்கச் சம்பளத்தில் மாதந்தோறும் மிச்சம் பிடித்தோதான் இக்கருவி வாங்கப்படுகிறது. தவறான கருவி வந்து சேர்ந்தால் பணம் போவதோடு, பிள்ளையின் ஆர்வமும் உடன் போய்விடும். ஆகவே இவ்வினாவையே வழித்துணையாகக் கொண்டு வன்னியை ஒருமுறை சுற்றி வருவோம்.

வவுனியா: அடிமட்டமும் செவியும்

தெற்கிலிருந்து வருபவர்க்கு வன்னியின் வாயில் வவுனியா. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீளும் ஏ-9 பெருவீதி இந்நகரின் நடுவே செல்கிறது. மன்னாருக்கும் திருகோணமலைக்கும் செல்லும் பாதைகள் இங்கிருந்து பிரிகின்றன. வடபுலத்துச் சந்தைக்கு வரும் பண்டங்களுள் பல இங்கே இறங்கி, இங்கிருந்தே பிரிந்து செல்கின்றன.

கீபோட் என்ற ஒரே பெயரில் விற்கப்படுவன உண்மையில் மூவகைக் கருவிகள். முதலாவது விளையாட்டுப் பொருள். பலநிற விளக்குகள் மின்னும், நாய் குரைக்கும், புகையிரதம் ஊதும். இதன் கட்டைகள் ஒடுங்கியவை. இரண்டாவது, 61 கட்டைகளையுடைய சாதாரணக் கீபோட். மூன்றாவது, 88 கட்டைகளையும் அவற்றுக்கேற்ற கனத்தையும் உடைய மின்பியானோ.

முதல் வகையை ஏனையவற்றிலிருந்து பிரித்தறியப் பேரறிவு வேண்டியதில்லை. பிள்ளையின் புத்தகப்பையிலுள்ள அடிமட்டம் போதும். அடுத்தடுத்துள்ள ஏழு வெள்ளைக் கட்டைகளின் மொத்த அகலத்தை அளந்து பாருங்கள். அது ஏறத்தாழ 16½ சென்ரிமீற்றர் இருத்தல் வேண்டும். உலகெங்கும் பியானோவின் அளவு அதுவே. அதனினும் ஒடுங்கிய கட்டைகளில் பழகிய விரல், பின்னர் உண்மைப் பியானோவின் முன் அமரும்போது இடந்தவறித் தடுமாறும்.

கட்டைகளின் தொகை அடுத்தது. முழுப் பியானோவில் வெள்ளை 52, கறுப்பு 36, ஆக 88 கட்டைகள். 61 கட்டைக் கருவியில் ஐந்து ஸ்தாயிகள் அடங்கும். தொடக்க நிலைப் பாடங்கள் பெரும்பாலும் கருவியின் நடுப்பகுதியிலேயே நடைபெறுவதால், முதல் ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஐந்து ஸ்தாயி போதும். 88 இல்லையே என்று கவலைப்பட்டுக் கல்வியையே ஒத்திவைப்பது வேண்டாத செயல்.

இனி வருவதே தலையாய சோதனை. கருவியைப் பியானோ ஒலியில் வைத்து, ஒரே கட்டையை முதலில் இறகு படுவதுபோல் மெல்லத் தொடுங்கள்; பின்னர் சற்று ஓங்கி அழுத்துங்கள். இரண்டு முறையும் ஒரே அளவான ஒலி எழுமாயின் அக்கருவியை அங்கேயே விட்டுவிட்டு வருதல் நன்று. மெல்லத் தொட மெல்லவும், ஓங்கித் தொட ஓங்கியும் ஒலித்தால் அதற்குத் தொடுவுணர்வு உண்டு. சில கருவிகளில் இவ்வுணர்வை நிறுத்தவும் இயக்கவும் வசதி இருப்பதால், அது இயங்கு நிலையில் உள்ளதா என்பதைக் கடைக்காரரிடம் கேட்ட பின்னரே முடிவுசெய்தல் வேண்டும்.

இதற்கு ஏன் இத்துணை முதன்மை எனின், பியானோ என்னும் பெயரின் பொருளே அதுதான். இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்தோபோரி என்னும் கைவினைஞர் 1700ஆம் ஆண்டையொட்டி இக்கருவியை உருவாக்கினார். அதற்கு முன் மேனாட்டு வீடுகளில் வழங்கிய ஹார்ப்சிகோட் என்னும் கருவியில், விரல் எவ்வளவு அழுத்தினாலும் தந்தி ஒரே அளவாகத்தான் ஒலிக்கும். கிறிஸ்தோபோரி தந்தியைச் சிறு சுத்தியலால் தட்டுமாறு செய்து, விரலின் வலுவை ஒலியின் வலுவாக மாற்றினார். 'மென்மையும் வன்மையும்' எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்றொடரே குறுகிப் 'பியானோ' ஆயிற்று. மென்மையும் வன்மையும் இல்லாத கருவியில் பியானோ பயில முனைவது, நீரில்லாக் குளத்தில் நீச்சல் பழகுவது போன்றது.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் எனக் குளப்பெயர்கள் மலிந்த வீதியால் வடக்கே சென்று, மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளையையும் முல்லைத்தீவையும் அடையலாம். இது கூத்து வளர்ந்த நிலம். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கோவலன் கூத்து இப்பகுதியின் பெருஞ்செல்வம். கூத்துக்கு உயிர் மத்தளமும் தாளமும். பின்னர் தமிழகத்து நாடகக் குழுக்களின் வழியாக இசைநாடகம் ஈழத்துக்கு வந்தபோது, அதனோடு கூடவே ஆர்மோனியமும் வந்தது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் மயானகாண்டத்தைக் கண்டுகளித்த முதியோர்க்கு, மேடையின் ஓரத்தில் இருந்து எழுந்த அந்த ஆர்மோனிய ஒலி இன்றும் செவியில் நிற்கும்.

ஆர்மோனியமும் மேனாட்டில் பிறந்ததே. 1840களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் தெபேன் என்பார் அமைத்த கருவி, காலால் மிதித்துக் காற்றூட்டப்பட்டது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பார் அதனைத் தரையில் அமர்ந்து கையால் துருத்தி இழுத்து வாசிக்கும் வண்ணம் மாற்றியமைத்தார். நம் நாட்டில் பரவியது அவ்வடிவமே. அது நம்மோடு எவ்வளவு ஒன்றிவிட்டது என்பதற்கு நமது பேச்சே சான்று. பாடகர் சுருதியைக் குறிக்க 'ஒரு கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று சொல்வதெல்லாம் இக்கருவியின் கட்டைகளை எண்ணிச் சொல்வதேயாம். ஆகவே பியானோவின் கட்டை வரிசையைப் பார்த்து நம்மவர் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. நடுப்பகுதியில், இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு இடப்புறமாக உள்ள வெள்ளைக் கட்டையே நமது ஒரு கட்டைச் சுருதி.

ஆனால் இரண்டு கருவிகளுக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. ஆர்மோனியத்தில் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தியின் வேலை. விரலுக்கு அதில் பங்கில்லை. ஒரு கை துருத்தியில் நிற்பதால் மற்றக் கைதான் வாசிக்கிறது. பியானோவிலோ துருத்தி இல்லை. ஒலியின் வலு முழுதும் விரலிலே உள்ளது. இரண்டு கைகளும் வாசிக்கின்றன. தொடுவுணர்வில்லாத கீபோட்டை எண்ணிப் பாருங்கள். அதில் துருத்தியும் இல்லை, விரலுக்கு வலுவும் இல்லை. துருத்தியை இழந்த ஆர்மோனியம் அது. வீட்டில் பாட்டனாரின் பழைய ஆர்மோனியம் இருக்குமாயின், அத்தகைய கீபோட்டினும் அதுவே பிள்ளையின் செவிக்கு நல்ல ஆசான்.

"மேனாட்டுக் கருவி பயின்றால் நம் சங்கீதம் கெட்டுவிடாதா?" என்று வினவும் பெரியோரும் உளர். அவர்களது அச்சம் ஆதாரமற்றதன்று. கட்டைக் கருவியில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டப்பட்டுள்ளது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் எழாது. இக்காரணத்தை முன்னிட்டே அகில இந்திய வானொலி 1940 முதல் பல்லாண்டுகள் ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1971இல் அத்தடையைத் தளர்த்தியது. தமிழ் பேசும் பிள்ளை ஆங்கிலமும் கற்பதுபோல, கர்நாடக இசையைக் குரலிலும் வயலினிலும் பயிலும் பிள்ளை பியானோவை வேறொரு மொழியாகக் கற்கலாம். ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்காதிருத்தலே வேண்டுவது.

முல்லைத்தீவின் கடற்காற்று இன்னொன்றையும் நமக்குக் கற்பிக்கிறது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். தந்திப் பியானோவின் கம்பிகள் துருப்பிடிக்கும். கம்பளிப் பாகங்களைப் பூச்சி அரிக்கும். ஈரமும் வெயிலும் மாறிமாறி வர மரம் நெகிழ்ந்து சுருதி கலையும். அதைத் திருத்திச் சுருதி சேர்க்கும் தொழிலாளரைத் தொலைவிலிருந்து அழைக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய தந்திப் பியானோவை வாங்கிவிட்டு, அதன் பராமரிப்பில் பணத்தை இழப்பது நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றதன்று. மின்கருவிக்குச் சுருதி சேர்க்க வேண்டியதில்லை. அதற்கும் கடற்காற்றும் தூசியும் எறும்பும் பகைதாம்; ஆனால் வாசித்து முடித்ததும் தடித்த பருத்தித் துணியால் மூடி, சன்னலோரத்தை விட்டு விலக்கி வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

கிளிநொச்சி: விளக்கணைந்த வீடுகளின் நினைவு

முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் வழியாகப் பரந்தனை அடைந்து தெற்கே திரும்பினால் கிளிநொச்சி. 2009 மே மாதம் போர் முடிவதற்குமுன், இவ்வீதியோரத்து மக்கள் வீடு வாசலை விட்டு, தூக்க முடிந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தனர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் மீண்டுவந்து, கூரையற்ற சுவர்களிலிருந்து வாழ்வைத் தொடங்கினர். கிளிநொச்சிக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது 2013 செப்டெம்பரில்.

மின்சாரத்தின் அருமையை இம்மக்களினும் அறிந்தவர் யார்? பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்த 1990களில், சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி அம்மின்னில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் இவர்கள். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததும் மறக்கக்கூடியதன்று. ஆகவே இங்கே கருவி தெரிவோர், அது மின்சாரத்தோடு பற்றரியிலும் இயங்குமா எனக் கேட்பது முன்னறிவாகும். 61 கட்டைக் கருவிகள் பல, ஆறு சிறு பற்றரிகளில் இயங்குவன. கருவியோடு வந்த அடப்டரைத் தவிர வேறொன்றை, அதன் வோல்ற்றளவையும் துருவக் குறியையும் ஒப்பிடாமல் சொருகலாகாது; ஒரு நொடியில் கருவி பாழாகும்.

எடையும் கருதத்தக்கதே. சாதாரண 61 கட்டைக் கீபோட் நான்கு கிலோவையொட்டியது. சைக்கிளின் பின்னே கட்டி ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். 88 கட்டை மின்பியானோ பதினொன்று, பன்னிரண்டு கிலோ வரும். அது வீட்டில் நிலையாக இருக்க வேண்டியது.

இன்று கடைகளில் மிகுதியாக விலைபேசப்படும் யமஹா என்னும் பெயருக்குப் பின்னாலும் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடம் உண்டு. 1887இல் யப்பானின் ஹமமற்சு ஊரில், ஆரம்பப் பாடசாலை ஒன்றின் ஓகன் பழுதுற்றது. அதைத் திருத்த அழைக்கப்பட்டவர் தொரகுசு யமஹா என்னும் தொழிலாளர். உள்ளே கண்ட பொறிநுட்பத்தை ஆராய்ந்து, தாமே ஓர் ஓகனைச் செய்து, அதை மலைப்பாதை வழியே தோளில் சுமந்து தோக்கியோவுக்குக் கொண்டு சென்றார். சுருதி சரியில்லை என்று வல்லுநர் கூறவே, சுருதி இலக்கணத்தை முறையாகக் கற்று மறுபடியும் செய்தார். காசியோ நிறுவனம் தன் முதல் இசைக்கருவியை வெளியிட்டது 1980இல். நடுத்தர வீடுகளுக்கு மின்கீபோட் எட்டியது அக்காலந்தொட்டே.

பெற்றோர் கருத்திற்கு

2022இல் சில திங்களுக்குள் டொலர் ஒன்றின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியதை எல்லோரும் அறிவோம். இறக்குமதிப் பொருளின் விலை அவ்வாறே ஏறிவிடுவதால், கைமாறிய பழைய கருவியை நாடுவது இழுக்கன்று. வாங்குமுன் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். நடுப்பகுதிக் கட்டைகளே முதலில் தேய்பவை. பின்புறத்தில் கால்மிதி சொருகும் துளை உண்டா எனவும் நோக்குங்கள். நூற்றுக்கணக்கான வாத்திய ஒலிகள், பொத்தானை அழுத்தியதும் தானே ஓடும் தாளங்கள் ஆகியவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுத்தல் வேண்டா. அவை விழா மேடைக்கு உதவலாம். பயிலும் விரலுக்கு உதவா.

கருவிக்குமுன் ஆசிரியரைத் தேடுங்கள். வன்னியில் கர்நாடக இசை ஆசிரியரைக் காண்பது எளிது. மேனாட்டிசை ஆசிரியர் அரியர். தேவாலயப் பாடற்குழுவை நடத்துவோரிடம் விசாரித்தால் வழி பிறக்கலாம். இலண்டன் திரினிற்றிக் கல்லூரி பியானோவுக்கும் மின்கீபோட்டுக்கும் தனித்தனிப் பரீட்சைகளை நடத்துவதால், பிள்ளை எதற்குப் பயிலப்போகிறது என்பதை ஆசிரியரோடு பேசித் தெளிந்த பின்னரே பணத்தை எடுத்தல் நன்று.

வீட்டில் கருவியை வைக்கும் உயரத்தையும் மறவாதீர். பியானோவின் கட்டைகள் தரையிலிருந்து ஏறத்தாழ 72 சென்ரிமீற்றர் உயரத்தில் அமைவன. படிக்கும் மேசைமேல் கீபோட்டை வைத்தால் அதனினும் உயர்ந்துவிடும். பிள்ளையின் தோள் தூக்கிக்கொள்ளும். தாழ்ந்த வாங்கொன்றின்மேல் கருவியை வைத்தோ, கதிரையில் பலகை இட்டுப் பிள்ளையை உயர்த்தியோ முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில் நிற்கச் செய்யுங்கள். கால் தொங்குமாயின் ஒரு பெட்டியைக் கீழே வையுங்கள். இதற்குச் செலவு யாதுமில்லை.

பிள்ளை நாளொன்றுக்கு இருபது நிமிடம் தவறாது இருந்து பழகி, சில ஆண்டுகளில் கருவி போதாதென்று தானே சொல்லுமாயின், அன்று மின்பியானோவுக்காகப் பணம் சேர்க்கத் தொடங்கலாம். அதுவரை 61 கட்டைகள் போதும். அவை விரலின் மென்மைக்கும் வன்மைக்கும் செவிசாய்க்கும் கட்டைகளாயிருத்தல் ஒன்றே இன்றியமையாதது.