கறுப்பேறிய சிமிழ்

ஆம்பூரில் வளர்ந்த எங்களுக்கு 'பஃபிங்' என்ற சொல் தோலோடு சேர்ந்தே அறிமுகமாயிற்று. அப்பா ஒரு காலணித் தொழிற்சாலையில், சுழலும் சக்கரத்தின் முன் நின்றே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். ஓய்வுபெற்றபின் பழைய மோட்டார் ஒன்றும் சிறிய கடைசல் இயந்திரம் ஒன்றும் வாங்கி, மரத்தின் பக்கம் திரும்பினார்.

அம்மாவுக்கென்று அவர் வெட்பாலையில் ஒரு குங்குமச் சிமிழ் கடைந்தார். சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு ஆகிவந்த, தந்தம் போல் வெளுத்த மரம் அது. அவருக்குக் கைநடுக்கம் தொடங்கியிருந்த காலம். அதுவே அவர் கடையும் கடைசிப் பொருளாகும் என்பதை அண்ணன் தம்பிகளான நாங்கள் இருவரும் அறிந்திருக்கவில்லை. அவர் வெளியூர் சென்றிருந்த ஒரு நாளில், மெருகேற்றி வியப்பூட்டலாம் என்றெண்ணி, காலணிக்குப் பயன்பட்ட சக்கரத்திலேயே சிமிழைப் பிடித்தோம். சக்கரத்தில் ஊறியிருந்த கறுப்பு மெழுகு, பூச்சேதுமற்ற மரத்தின் நுண்துளைகளில் இறங்கிவிட்டது. உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தோம். மேற்புறம் வெளுத்தது, இழைகளின் முனைகளில் கறுப்பு தங்கிவிட்டது.

திரும்பி வந்த அப்பா சிமிழை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோலுக்குள்ள கறுப்பு போனா அழகுடா. மரத்துக்குள்ள போனா அழுக்கு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அதன்பிறகே முறையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். மரத்தை 400ஆம் எண் உப்புத்தாள் வரை இழைத்து, எண்ணெயோ வார்னிஷோ பூசி, அது நன்றாக இறுகிய பின்னரே சக்கரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் டிரிப்போலி என்னும் பழுப்புக் கட்டி; சிலிக்கா கலந்தது என்பதால் முகமூடி அவசியம். வெளிர் மரத்தில் இதுவும் கறை விடக்கூடும். அங்கே இதைத் தவிர்த்து, அலுமினியம் ஆக்சைடு கலந்த வெள்ளைக் கட்டியிலிருந்தே தொடங்கலாம். சிவப்பும் பச்சையும் உலோகத்துக்கானவை. இறுதியில் கார்னௌபா மெழுகு. பிரேசில் நாட்டுப் பனையினம் ஒன்றின் இலையில் படிவது. நம் பனைக்குத் தூரத்து உறவு. 80 டிகிரிக்குச் சற்று மேல்தான் உருகும். அந்தச் சூட்டை உராய்வே தந்துவிடுகிறது. சென்னபட்டணத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்கை அழுத்தி உருக்குவதும் இதே சூட்சுமந்தான். அங்கே மெருகுக்குத் தாழை மடல்.

ஒவ்வொரு கட்டிக்கும் தனிச் சக்கரம் வேண்டும் என்பது நாங்கள் விலை கொடுத்துக் கற்ற பாடம். வெட்டும் கட்டிகளுக்கு நெருக்கமாகத் தைத்த துணி. மெழுகுக்குத் தையல் குறைந்த மெல்லிய பருத்தி. 8 அங்குலச் சக்கரத்துக்கு 1,440 சுற்று மோட்டாரே போதும். 2,800 சுற்றில் மரம் சுடும், கையிலிருந்து பறிபோகவும் கூடும். பொருளை எப்போதும் சக்கரத்தின் கீழ்ப்பாதியில், விளிம்பு சிக்காதபடி பிடிக்க வேண்டும்.

இப்போது எங்களிடம் மூன்று சக்கரங்கள் உள்ளன. கறுப்புச் சக்கரம் தனியே ஆணியில் தொங்குகிறது. அப்பாவால் உளி பிடிக்க இயலவில்லை. திண்ணையில் அமர்ந்து மோட்டாரின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். சுருதி சற்றே இறங்கினால், "அழுத்தாதடா" என்று குரல் வரும். அம்மா நாள்தோறும் திறப்பது அந்தக் கறுப்பேறிய சிமிழைத்தான். வேறொன்று செய்து தருவதாக நாங்கள் சொன்னபோது வேண்டாமென்றுவிட்டாள்.