மலையும் மிதிவண்டியும்

காரமடையில் அரங்கநாதர் கோயில் தேர்வீதியை அடுத்து எங்கள் வீடு அமைந்துள்ளது. திண்ணையில் அமர்ந்து வடக்கே நோக்கினால் நீலமலைத் தொடர் வானத்தை மறைத்து நிற்கும். மழை பெய்து ஓய்ந்த காலையில் அம்மலையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலத் தோன்றும். நெடுங்காலம் நான் அம்மலையைக் கண்ணுக்கு விருந்தாகவே கண்டு வந்தேன். அது காலால் ஏறுதற்கும் உரியது என்பதை என் மகள் வயிற்றுப் பேரன் எனக்கு உணர்த்தினான்.

அவனுக்கு வயது 16. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதற்காக அவனுடைய தந்தையார் 22,000 ரூபாய்க்கு மிதிவண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதன் கைப்பிடி ஆட்டுக்கடாவின் கொம்பு போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். சக்கரங்கள் மிக மெல்லியவை. பந்தய வண்டியின் சாயல் உடையது எனினும், அவ்வகை வண்டிகளுள் விலை குறைந்தது அதுவே. முன்னே 2 பற்சக்கரங்கள், பின்னே 7 பற்சக்கரங்கள். சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்குக் கைப்பிடி அருகே விசைகள் உண்டு. இவ்வமைப்பினைக் கியர் என்று யாவரும் வழங்குவர். அதனைப் பல்லிணை என்று தமிழில் குறிப்பாரும் உளர். பல்லும் பல்லும் இணைவது பற்றி வந்த பெயர் அது. ஆனால் மிதிவண்டியில் பல்லோடு பல் இணைவதில்லை. இரண்டுக்கும் நடுவே சங்கிலியே தூது செல்கிறது. ஆதலின் இங்குக் கியர் என்றே எழுதுகிறேன். தமிழ்ப் பற்று உடையோர் பொறுத்தருள்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவனும் நண்பர் மூவரும் மேட்டுப்பாளையம் வழியாகப் பர்லியாறு வரை ஏறிப் பார்ப்பது என்று புறப்பட்டனர். கல்லாறு வரையில் பாதை ஏறத்தாழச் சமமானது. கல்லாற்றைக் கடந்ததும் மலைப்பாதை தன் இயல்பைக் காட்டத் தொடங்கும். நண்பகலில் பேரன் தனியே திரும்பி வந்தான். முகம் வாடியிருந்தது. ஒன்றும் பேசாமல் கைகால் கழுவி உண்டான். இரண்டு நாள் கழித்தே செய்தி வெளிப்பட்டது. மூன்றாவது வளைவில் அவனால் மிதிக்க இயலவில்லை; இறங்கி வண்டியைத் தள்ளினான். மற்ற மூவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மேலே சென்றுவிட்டனர்.

"அப்புச்சி, வண்டியின் கியர் முழுவதையும் மாற்றிவிட வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு கடையில் விசாரித்தேன். 16,000 ரூபாய் ஆகுமாம். என்னிடம் 4,000 இருக்கிறது. மீதியை நீங்கள் கொடுத்தால் ஆண்டு முடிவதற்குள் எப்படியாவது திருப்பித் தந்துவிடுவேன்" என்றான்.

வண்டி வாங்கி ஓராண்டு கூட நிறையவில்லை. தந்தையிடம் கேட்க அஞ்சியே என்னிடம் வந்தான் என்பது விளங்கிற்று. அப்பொழுது நான் கூறிய மறுமொழி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. "கியர் என்னும் பெயரையே அறியாத வண்டியில் முப்பது ஆண்டு பள்ளிக்குச் சென்று மீண்டவன் நான். வெயிலில் சென்றேன், எதிர்க்காற்றில் சென்றேன். கால் தளர்ந்தவன்தான் கருவியைப் பழிப்பான்" என்றேன்.

அவன் எதிர்மொழி கூறவில்லை. வண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே சென்றான். அதன் பின்னர் ஒரு வாரம் அதனைத் தொடவேயில்லை. தனிப்பயிற்சி வகுப்புக்கும் நடந்தே சென்றான். கைப்பிடியின்மேல் தூசி படிந்தது. நாள்தோறும் காலையில் செய்தித்தாள் படிக்க அமரும்போது அவ்வண்டி என் கண்ணெதிரே நின்றது. அவன் சினந்து பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எட்டாம் நாள், வீட்டில் ஒருவரும் இல்லாத வேளையில், சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அவ்வண்டியின் அருகே அமர்ந்தேன். தொடங்கும் பல்லில் வெள்ளைக் குறி இட்டுப் பற்களை எண்ணினேன். கட்டளைக் கலித்துறையில் அடிதோறும் ஒற்று நீக்கி எழுத்தெண்ணிப் பழகிய கண் இது. நேரசையில் தொடங்கின் 16, நிரையசையில் தொடங்கின் 17 என்று மாணவர்க்கு எண்ணிக் காட்டியவன், இரும்பின் பல்லை எண்ணுவதில் என்ன வியப்பு! முன்னே பெரிய சக்கரத்தில் 50 பற்கள், சிறியதில் 34. பின்னே மிகச் சிறியதில் 14, மிகப் பெரியதில் 28.

ஏற்றத்தில் உதவுவது முன்னே சிறியதும் பின்னே பெரியதும் ஆகிய இணையே. 34-ஐ 28-ஆல் வகுத்தால் ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறையும். அஃதாவது, மிதியை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் அத்தனை முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவை நூல் கொண்டு அளந்தேன், ஏறத்தாழ 2.1 மீட்டர். எனவே மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டரை மீட்டருக்குச் சிறிது கூடுதலாக முன்னேறும். கொல்லையில் துருவேறிக் கிடந்த என் பழைய வண்டியையும் எண்ணினேன். முன்னே 44, பின்னே 18. ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர். அப்படியாயின் பேரனின் வண்டி என் வண்டியினும் இரு மடங்கு எளிதாக மலையேறும். நான் கூறியது சரியே என்று உள்ளூர மகிழ்ந்தேன். ஆயினும், நான் முப்பது ஆண்டு சென்றது எந்த மலைமேல் என்று மனம் வினவிற்று. காரமடையிலிருந்து என் பள்ளி வரையில் ஒரு பாலத்தின் ஏற்றம் தவிர வேறு ஏற்றமே இல்லை. சமநிலத்தில் பள்ளி சென்று மீளக் கியர் வேண்டுவதில்லை. அரசு பதினோராம் வகுப்பு மாணவர்க்கு விலையின்றி வழங்கும் மிதிவண்டிகளும் கியர் இல்லாமலே நன்கு உழைக்கின்றன. நான் சமநிலத்தின் நியாயத்தை மலைக்கு உரைத்திருந்தேன்.

அன்று மாலையே பேரனின் நண்பன் ஒருவன் தன் வண்டியில் வந்தான். தடித்த சக்கரங்களை உடைய மலைவண்டி அது. அவனிடம் இசைவு பெற்று அதன் பற்களையும் எண்ணினேன். முன்னே மிகச் சிறியதில் 24. பின்னே மிகப் பெரியதில் 28. ஒரு சுற்றுக்கு அவ்வண்டி ஒன்றேமுக்கால் மீட்டர்தான் செல்லும். என் பேரனோ ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டரை மீட்டர் ஏற வேண்டியிருந்தது. ஆகவே அவன் கால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விசையோடு அழுத்த வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே சென்ற மூவரும் அத்தகைய வண்டியே உடையவர்கள். அவர்கள் கால் வலியது, இவன் கால் மெலியது என்பதற்கு அந்த ஏற்றம் சான்றாகாது. கருவியைப் பழித்தவனை நான் பழித்தேன். அவனோ கருவியைப் பற்றி உண்மையே சொல்லியிருந்தான்.

கியர் நமக்கு வலிமை ஒன்றும் தருவதில்லை. மலைப்பாதை வளைந்து வளைந்து செல்வது எதற்காக? நேரே ஏறினால் வழி குறையும். ஆனால் காலும் வண்டியும் தாங்கா. ஆதலின் வழியை நீட்டிச் சரிவைக் குறைத்தனர். கியரும் அவ்வாறே பல சுற்றுகளை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சுற்றின் சுமையைக் குறைக்கிறது. மொத்த உழைப்பு குறைவதில்லை. நம் மலைரயில் இதற்கு மற்றொரு சான்று. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் ஓடத் தொடங்கிய அது, கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே நடுத்தண்டவாளத்தின் பற்களைத் தன் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அங்கே ஏறத்தாழ 12 மீட்டர் முன்னே சென்றால் 1 மீட்டர் மேலே ஏறும் செங்குத்து. எஞ்சின் பின்னே நின்று பெட்டிகளைத் தள்ளும். 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. அதன் மெதுவான நடையை எவரும் இழிவாகப் பேசுவதில்லை. 2005-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாகவே ஏற்றது. உண்மையான பல்லிணையைக் காண விரும்புவோர் அத்தண்டவாளத்தைத்தான் காண வேண்டும்.

கியரை இழிவாக எண்ணியதில் எனக்கு முன்னோடி ஒருவர் உண்டு என்பதைப் பின்னர் ஒரு நூலில் கண்டேன். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பெரும்பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஹென்றி டெகிரான்ஜ் என்பார், கியர் 45 வயதைக் கடந்தவர்க்கே உரியது என்னும் கருத்தினை அதற்கு முந்திய ஆண்டே எழுதினார். அப்பந்தயத்தில் பலகாலம் கியர் மாற்றும் கருவிக்கு இடமில்லை. வீரர்கள் மலையடியில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபுறம் இருந்த பெரிய பற்சக்கரம் பயன்படுமாறு திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினர். 1937-இல்தான் தடை நீங்கிற்று. டெகிரான்ஜின் விதிப்படி பார்த்தால், எங்கள் வீட்டில் கியருக்கு உரிமை உடையவன் நான் ஒருவனே!

மறுநாள் பேரனை அழைத்து, "நான் அன்று சொன்னது பிழை" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். முப்பது ஆண்டு மாணவர் விடைத்தாளில் சிவப்புக் கோடு இட்டவனுக்கு இந்த நான்கு சொற்களைக் கூறுவது எளிதாக இல்லை. எண்ணிய கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். பிறகு, கோயம்புத்தூர்க் கடையில் கொடுத்த குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அதில் பின்னே 7 பற்சக்கரங்களுக்குப் பதிலாக 8. மிகச் சிறியது 11 பல், மிகப் பெரியது 28 பல். அதற்கு ஏற்ற புதிய பின்சக்கரம், புதிய விசைகள், புதிய சங்கிலி எல்லாம் சேர்ந்து 16,000 ரூபாய்.

"மிகப் பெரியது எத்தனை?" என்று கேட்டேன்.

"28" என்றான். உடனே அவன் முகம் மாறிற்று. "இப்பொழுது இருப்பதும் 28-தானே அப்புச்சி!"

கடைக்காரர்மேல் குறையில்லை. இவன் நல்ல கியர் வேண்டும் என்று கேட்டான். அவர் நல்லதையே காட்டினார். அது விரைவாக ஓடவும் மென்மையாக மாற்றவும் உதவும். மூன்றாவது வளைவில் மட்டும் அவன் முன்போலவே இறங்கித் தள்ளியிருப்பான்.

எங்கள் ஊரில் மிதிவண்டி பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் இருவரும் சென்றோம். அவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஐயா, ஏழு ஏழாகவே இருக்கட்டும். 34 பல் உள்ள ஃப்ரீவீல் கிடைக்கும். திருகிக் கழற்றித் திருகி மாட்டுவதுதான். ஆனால் சங்கிலியைத் தள்ளும் இந்தச் சின்னக் கை அத்தனை பெரிய பல்லைத் தாங்காது. நீளமான கை ஒன்றும், நீளமான சங்கிலியும் வேண்டும்" என்றார். கூலி உட்பட 3,200 ரூபாய் ஆகும் என்றார். மற்றொன்றும் ஒளிக்காமல் சொன்னார்: அந்த ஃப்ரீவீலில் 24 பல்லுக்கு அடுத்தது நேரே 34; ஆகவே கடைசிக் கியருக்கு மாறும்போது கால் திடீரென்று வெறுமையில் சுழல்வது போலிருக்கும்; பழகிக்கொள்ள வேண்டும்.

பேரன் தயங்கினான். கைப்பிடியிலேயே விரலால் தட்டி மாற்றும் புதிய விசைகளை அவன் மனத்தில் பார்த்துவிட்டிருந்தான். 34-ஐ 34-ஆல் வகுத்தால் ஒன்று. ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். முன்னைவிட ஆறில் ஒரு பங்குக்கும் மேலாகச் சுமை குறையும். நண்பர்களின் வண்டியளவு எளிதாகாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் அவன் விரல்விட்டு எண்ணினான். "சரி, இதுவே போதும். என் பணத்திலேயே ஆகிவிடும்" என்றான்.

முதியவர் வண்டியை நிமிர்த்தும்போது பின் பிரேக்கின் ரப்பர்க் கட்டையைக் காட்டினார். அது பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. எங்கள் ஊர் மாசித் தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கினர்; முட்டுக்கட்டை இடுவோர் சிலரே. அச்சிலர் இல்லையேல் தேர் வீதி திரும்பாது. ஏறுவதையே எண்ணிக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் இறங்குவது நினைவில் இல்லை. நான்கு புதிய கட்டைகளை என் செலவில் மாட்டச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாகப் புறப்பட்டான். நான் மேட்டுப்பாளையத்தில் குன்னூர்ப் பேருந்தில் ஏறிப் பர்லியாற்றில் இறங்கினேன். வழியில் அவனைக் கடந்து சென்றோம். பேருந்து ஒலியெழுப்பியும் அவன் தலை நிமிரவில்லை. கால்கள் மட்டும் விரைந்து சுற்றின, வண்டியோ நடப்பவர் போல ஊர்ந்தது. பழக்கடைகளின் எதிரே நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். வளைவில் வண்டி ஒன்று தோன்றும்போதெல்லாம் எழுந்து எழுந்து அமர்ந்தேன். கடைக்காரப் பெண்மணி, "யாருக்குங்க ஐயா பார்க்கிறீங்க?" என்று இருமுறை கேட்டார்.

அவன் வந்தான். வியர்வையில் சட்டை உடலோடு ஒட்டியிருந்தது. இருமுறை நின்று நீர் குடித்ததாகவும், ஒருமுறையும் தள்ளவில்லை என்றும் சொன்னான். ஆளுக்கு ஒரு மங்குஸ்தான் உரித்து உண்டோம். மேலே குன்னூர் வரை சென்றால் என்ன என்று அவன் கேட்டான். இன்று வேண்டாம் என்றேன். மெதுவாக இறங்க வேண்டும், இரு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் புறப்பட்டுவிட்டான். திரும்பும் பேருந்தில் இடப்புறச் சன்னல் ஓரமாக இடம் பிடித்து, கல்லாற்றுப் பாலம் வரும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.