பிறந்தநாள் சாப்பாடு

எங்கள் மகளின் ஒன்பதாம் பிறந்தநாளுக்கு நாங்களும் ஊரார் செய்வதையே செய்தோம். ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான தொகையைக் கட்டி, ரசீது பெற்றுக்கொண்டு, குடும்பத்தோடு போய் நின்றோம். ஆனி மாதம். வடை பாயசத்தோடு இலை போட்டிருந்தார்கள். பரிமாறுவதற்கு முன் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து கைகூப்பி, முன்பின் பார்த்திராத எங்கள் மகளுக்காக வாழ்த்துப் பாடினார்கள். அவள் கூச்சத்தில் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பந்தியின் கடைசியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இலையைத் தொடாமல் இருந்தான். கேட்டோம். "காலையில ஒரு கல்யாண நாள் சார். பூரி, பொங்கல், கேசரி எல்லாம் ஆச்சு" என்றான். குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் இருவருமே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் என்று தெரிந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். வரும் சித்திரையில் பதினெட்டு நிறைகிறது. இல்லத்தை விட்டுப் போகவேண்டும். மேலே படிக்க ஆசை. "தீபாவளிக்கு காலேஜ் ஹாஸ்டலைப் பூட்டிருவாங்களாமே சார், அப்ப எங்க இருக்கிறது?"

இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறோம். விடுதியைப் பூட்டுகிற நாளில் எந்த மாணவன் எங்கே போகிறான் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

வீடு திரும்பிய இரவில் மணிமேகலையை எடுத்துப் பார்த்தோம். அன்னதானம் என்றாலே அமுதசுரபி நினைவுக்கு வரும். தேர்விலும் அதைத்தான் கேட்போம். பாத்திரம் கைக்கு வருவதற்கு முந்தைய ஆபுத்திரனை விரைந்து கடந்துவிடுவதே எங்கள் வழக்கம். ஈன்றவள் தோட்டத்தில் விட்டுச்சென்ற சிசு அவன். ஏழு நாள் ஒரு பசு பால் சுரந்து காத்தது. பிறகு இளம்பூதி என்ற அந்தணன் எடுத்து வளர்த்து, ஓதுவித்தான். வேள்விப் பசுவை விடுவித்ததற்காகவும், பிறப்பு வெளிப்பட்டதற்காகவும் அந்த வளர்ப்பு வீடே அவனைக் கைவிட்டது. மதுரைக்கு வந்து, ஓட்டைக் கையிலெடுத்து இரந்து, கண்ணற்றோர்க்கும் முடவர்க்கும் ஊட்டிவிட்டு மிஞ்சியதை உண்டவன். அந்தப் பையனின் கேள்விக்குப் பிறகு அப்பகுதியைப் பழையபடி படிக்க முடியவில்லை.

இதே கதை இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது. எத்தியோப்பியத் தாய்க்கு 1967இல் அங்கே பிறந்து, கைக்குழந்தையாகவே ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டவர் கவிஞர் லெம் சிசே. பன்னிரண்டு வயதில் அக்குடும்பம் அவரைத் திருப்பி அனுப்பியது. அதன்பின் இல்லம் மாற்றி இல்லம். 2019இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் இதெல்லாம் இருக்கிறது. அவர் 2013இல் மான்செஸ்டரில் கிறிஸ்துமஸ் விருந்து ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அது வேறு நகரங்களுக்கும் பரவியது. பராமரிப்பிலிருந்து வெளியேறிய, 18 முதல் 25 வயதுவரையுள்ளவர்களுக்கான விருந்து. செலவு முழுவதும் நன்கொடை. அன்றைக்கு அங்கே ரயில்கூட ஓடாது. ஆகவே வண்டி வைத்து அழைத்துவருகிறார்கள். பரிசும் உண்டு. அதுவும் சாப்பாடுதான். ஆனால் அங்கே யாரும் எழுந்து நின்று பாடவேண்டியதில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்தைவிடக் குடும்பத்தையே முதலில் வைக்கிறது. வளர்ப்புக் குடும்பங்களுக்கும், பதினெட்டுக்குப் பிந்தைய ஆதரவுக்கும் அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. 2022இன் மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதலில் இவற்றுக்குப் பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய். சோறும் துணியும் கழிந்தால் அதில் என்ன மிஞ்சும்? சைக்கிள், மூக்குக்கண்ணாடி, விடுதி முன்பணம், நேர்காணலுக்குப் போக ஒரு நல்ல சட்டை என்று பெற்றவர்கள் கணக்கெழுதாமல் செய்கிற செலவுகள் இருக்கின்றனவே, நன்கொடை போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அவற்றில் இலை நிறைந்திருப்பதைப் பார்க்கிற திருப்தி கிடையாது. படமும் எடுக்கமுடியாது. எங்களுக்கும் அந்தத் திருப்திதான் வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மறு ஆனியில் அவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தீபாவளிக்கு எங்கள் மாடி அறைக்கு வரச்சொன்னோம். "பாக்கிறேன் சார்" என்றான். மகளின் பிறந்தநாள் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, விடுதிக் கட்டணத்துக்கென்று இல்லத்தில் கொடுத்தோம். நிர்வாகி ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்தார். அதில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்களே அச்சிட்டிருந்தன. "மதியம்னு போட்டுக்கட்டுமா சார்?" என்றார்.