கடற்கரை வரைக்கும்

கோப்பை கழுவுகிறவனுக்குத் திங்கட்கிழமைதான் ஞாயிறு. அன்றுதான் எங்கள் உணவகம் பூட்டு. பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்த ஒரு திங்களன்று, எட்டு வயது மகளின் நச்சரிப்புத் தாங்காமல் காரைக் கிளப்பினேன். 2012இல் இந்த நாட்டுக்கு வந்தவன் நான். கேரம் டவுன்ஸை விட்டால் டன்டினோங், ஃபிராங்ஸ்டன், விசா புதுப்பிக்கும் அலுவலகம், இவ்வளவுதான் அவுஸ்திரேலியா.

மனைவி புட்டு அவித்து, முட்டைப்பொரியலும் சம்பலும் கட்டிக்கொண்டாள். "இஞ்சாருங்கோ, கோயிலடியாலை போங்கோ" என்றாள். சிவா விஷ்ணு கோயில் வாசலில் எங்கள் பழைய கொரோலாவுக்கும் ஒரு கற்பூரம் காட்டியாயிற்று.

டூரடின் தாண்டிக் கூ வீ றப். ஒரு காலத்தில் பெருஞ்சதுப்பு நிலம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்துத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். சமையலறையில் பெட்டி பெட்டியாக நான் அடி நறுக்குகிற அஸ்பராகஸ் இந்த மண்ணில் விளைவது. அது செடியாக நிற்பதை அன்றுதான் கண்டேன்.

சான் ரெமோவில் இறங்கியபோது பகல் 12 மணி. கரையில் கூழைக்கடாக்களுக்கு மீன் போடுகிற நேரம். மகள் சனத்துக்குள் ஓடிவிட்டாள். நான் இறங்குதுறையில் கட்டியிருந்த வள்ளங்களைப் பார்த்து நின்றேன். டீசலும் மீனும் கலந்த அந்த மணம்!

அப்பா மயிலிட்டியில் கடற்றொழில் செய்தவர். 1990இல் ஊர் எழும்பி ஓடியபோது நான் கைக்குழந்தை. மல்லாகத்து முகாமில் வளர்ந்தவனுக்குச் சொந்தக் கடல் எது? கடலுக்குப் போக வேண்டிய அப்பா கூலி வேலைக்குப் போனார். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும்போது நான் படகேறினேன். 2017இல் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டபோது, 27 வருடத்துக்குப் பிறகு அப்பா போய் நின்றதைத் தொலைபேசியில்தான் கேட்டேன். கையில் இருப்பது பிரிட்ஜிங் விசா. வெளியே போனால் திரும்ப வர முடியாது.

அங்கே விடிந்து ஏழரை. அப்பாவுக்கு வீடியோ கோல் எடுத்து வள்ளங்களைக் காட்டினேன்.

"என்ன மீனடா பிடிக்கிறாங்கள்?"

"தெரியேல்லை அப்பா."

"என்ன வலை?"

அதுவும் தெரியாது. மீனவன் மகனுக்கு மீனை வெட்டத்தான் தெரியும். "கிட்டக் காட்டு, கிட்டக் காட்டு" என்று ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்தார். என் முகத்தைக் காட்டச் சொல்லவில்லை.

பிலிப் தீவுக்குப் போகிற பாலம் பக்கத்தில்தான். 640 மீற்றர் நீளம், 1969இல் திறந்தது. "எங்கடை விசாவும் பிரிட்ஜ்தானே, அம்மா?" என்றாள் மகள். "ஓம். ஆனா இந்தப் பாலத்துக்கு அந்தக் கரை தெரியுது" என்றாள் மனைவி. நாங்கள் பாலத்தில் ஏறவில்லை. பெங்குவின் பார்க்க இருட்டும்வரை நிற்க வேணும், ரிக்கற்றும் விலை.

கில்குண்டாவில் மரத்தூண் பாலத்தடியில் புட்டைச் சாப்பிட்டோம். வொந்தகி நிலக்கரியைக் கொண்டுபோன ரயில் ஓடிய பாலம். சுரங்கத்தை 1968இல் மூடிவிட்டார்கள். இப்போது பாலத்தில் சனம் நடக்கிறது, சைக்கிள் ஓடுகிறது. முன்னால் பாஸ் நீரிணை இரைந்துகொண்டிருந்தது. மனைவி கடலுக்கு முதுகு காட்டித்தான் இருந்தாள். அவளும் படகில் வந்தவள், 2013இல், வேறு படகு. அந்த நாட்களைப் பற்றி நாங்கள் இருவரும் வீட்டில் கதைப்பதில்லை.

வொந்தகிக்குக் கிட்ட, கூரையில் புல்லும் செடியும் வளர்த்த பெரிய கட்டடம். கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை. நான் வந்த 2012இன் கடைசியில்தான் கட்டி முடித்தார்கள். வருடத்துக்கு 15,000 கோடி லீற்றர் செய்யக்கூடியது.

"கடல் தண்ணியைக் குடிக்கலாமா?" என்றாள் மகள்.

நான் பேசாமல் இருந்தேன். மனைவிதான் சொன்னாள். "எங்கடை போட்டிலை தண்ணி முடிஞ்சுபோச்சு. கடைசி நாலு நாளும் ஆளுக்கு ஒரு மூடி."

மகள் தன் போத்தல் மூடியைக் கழற்றி நீட்டினாள். "இவ்வளவா?"

மனைவி மூடியை வாங்கிப் பார்த்தாள். "இல்லை. இது பெரிசு."

காரைத் திருப்பினேன். செவ்வாய் காலை பத்து மணிக்கு வேலை.