ஏசி எப்போ நின்னுச்சு?

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு கல்வராயன் மலை பக்கத்து வீடு மாதிரி. மே மாத வெயில் மண்டையைப் பிளந்தால், கச்சிராயபாளையம் வழியாக கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறிவிடுவார்கள். பெரியார் அருவி, கரியாலூர் படகுத்துறை, வெள்ளிமலை என ஒருநாள் பொழுது இதமாகப் போய்விடும். ஆனால், மேலே போய்ச் சேரும்வரை காருக்குள் ஏசி வேண்டுமே! அது பாதி மலையில் நின்றுபோனால்?

கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அதுதான் நடந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். வெள்ளிமலையில் டீச்சராக இருக்கும் தங்கை வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். பின்சீட்டில் அவருடைய அம்மா. இதய ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாலைந்து வளைவு ஏறியதும் குளிர்ச்சி நின்றுவிட்டது. காற்று மட்டும் அனலாக வந்தது. “ஏங்க, அத்தைக்கு வேர்த்துக் கொட்டுது” என்று மனைவி பதறினார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்து, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டார். “கேஸ் தீர்ந்துபோச்சு சார்” என்றார்கள். பணத்தைக் கட்டி கேஸ் நிரப்பினார். உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினார். மறுபடியும் அனல்!

இந்த முறை கவனித்தது மனைவிதான். “நேர் ரோட்டுல வேகமா போனா குளிருது. கடைத்தெருவுல ஊர்ந்தா சூடாவுது. மலை ஏறினா நின்னே போவுது. கேஸ் என்ன, ரோட்டைப் பார்த்தா தீரும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு வேறொரு மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. “எப்போ நின்னுச்சு? கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா, பட்டுனு நின்னுச்சா? அப்போ இன்ஜின் சூடு காட்டுற முள் எங்கே இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது.

கார் ஏசியில் இருக்கும் கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. பல கார்களில் இருப்பது ஆர்-134ஏ. மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம். கம்ப்ரஸர் அந்த கேஸை அழுத்துகிறது. முன்பக்க கண்டென்ஸரில் அது சூட்டை வெளியே விட்டு, திரவமாகிறது. பிறகு டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. மெல்லிய கசிவு இருந்தால், குளிர்ச்சி நாளுக்கு நாள் குறையும். பட்டென்று நின்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன், பெல்ட், கிளட்ச் ஆகியவற்றை முதலில் சந்தேகப்பட வேண்டும். கல் அடித்துக் குழாய் உடைந்திருந்தாலும் அப்படி நிற்கும்.

கண்டென்ஸர் சூட்டை வெளியே விடக் காற்று வேண்டும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும். ஊர்ந்து போகும்போது ஃபேன்தான் துணை. அந்த ஃபேன் சுற்றாவிட்டால் அழுத்தம் எகிறும். அளவு மீறினால் குழாய் வெடிக்காமலிருக்க, பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அதாவது, ஏசி கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது!

1940 மாடல் பேக்கார்ட் காரில் இந்த வசதியெல்லாம் கிடையாது. ஏசியோடு விற்பனைக்கு வந்த முதல் கார் அது. ஏசியை முழுதாக நிறுத்த, பானட்டைத் திறந்து பெல்ட்டையே கழற்ற வேண்டும்.

மெக்கானிக் இன்ஜினையும் ஏசியையும் போட்டுவிட்டுப் பார்த்தார். ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஹாரனுக்கு இருந்த அதே அளவு ரிலேவைக் கழற்றி ஃபேனுக்கு மாட்டினார். உடனே சுற்றியது. போனது ஒரு சின்ன ரிலே! “நல்லவேளை சார். இந்த ஃபேன்தான் ரேடியேட்டருக்கும் காத்து இழுக்குது. இப்படியே மலை ஏறிட்டு இருந்தா, ஹெட் கேஸ்கட் போயிருக்கும். நடுக்காட்டுல அம்மாவை வெச்சுக்கிட்டு நின்னுருப்பீங்க” என்றார்.

உங்கள் காரிலும் ஏசி நின்றால், இவற்றைப் பாருங்கள்.

காற்றே வரவில்லையா? புளோயர் ஃபியூஸ் அல்லது மோட்டார். காற்று மெதுவாக வருகிறதா? கேபின் ஃபில்டரில் அழுக்கு சேர்ந்திருக்கலாம்.

காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லையா? ஏசியைப் போட்டதும் பல கார்களில் கம்ப்ரஸர் ‘டக்’கென்று பிடிக்கும் சத்தம் கேட்கும். அது கேட்கிறதா, முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். ஃபேன் திடீரென்று சுற்றத் தொடங்கும். கையும் சேலைத் தலைப்பும் பக்கத்தில் போக வேண்டாம்.

குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், அங்கே கசிவு இருக்கலாம். ‘கேஸ் குறைவு’ என்று சொன்னால், “எங்கே லீக்?” என்று கேளுங்கள். லீக்கை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் செலவுதான்.

மலையில் சூடு முள் ஏறினால், ஏசியை அணைத்து, அகலமான இடத்தில் ஒதுங்கி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குழந்தைகள், வயதானவர்களை மூடிய காருக்குள் விடாமல் நிழலில் உட்காரவையுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன், ஏசி எங்கே, எந்த வேகத்தில், எவ்வளவு நேரத்தில் நின்றது என்று மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஜவுளிக்கடைக்காரர் மனைவி சொன்ன மூன்று வரிதான், தேவையில்லாத இரண்டாவது கேஸ் செலவைத் தடுத்தது.