மூன்று நாள் புளித்த மதியச் சாப்பாடு

வெள்ளிக்கிழமை அந்தக் கடையில் இறைச்சி கிடையாது. முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. வாரத்திலேயே கூட்டம் அதிகம் வருவதும் அன்றுதான். அடிஸ் அபாபாவில், சிதிஸ்த் கிலோ பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டி எந்தோட்டோ மலையை நோக்கி ஏறும் சாலையில் இருக்கிறது கடை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு. ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் பெருநோன்பையும் மற்ற நோன்புகளையும் கூட்டினால் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் விலங்குணவு விலக்கு. அந்தப் பாதி ஆண்டை நம்பித்தான் இப்படிப்பட்ட சின்னக் கடைகள் ஓடுகின்றன.

“ஆறு மணிக்கு வாருங்கள்” என்று கடைக்காரர் சொன்னது நண்பகல் 12 மணியை. எத்தியோப்பியர்கள் விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம்முடைய காலை 7 அவர்களுக்கு 1.

வாசலுக்குப் பக்கத்திலேயே குழாயும் சோப்பும். கை கழுவாமல் யாரும் உட்காருவதில்லை. மாணவர்கள், மினிபஸ் ஓட்டுநர்கள், மேலே ஷிரோ மேடா சந்தையில் கைத்தறித் துணி விற்பவர்கள் என்று மேசைகள் நிறைகின்றன. ஆளுக்கொரு தட்டு என்ற பேச்சில்லை. மூன்று பேர் வந்தால் ஒரு வட்டத் தாம்பாளம். அதன் விளிம்புவரை விரித்த ஒரு இன்ஜெரா, புளித்த மாவில் சுட்ட பெரிய தோசை மாதிரி. அதன்மேல் ‘பெயாய்நெத்து’ என்கிற நோன்புக் கலவை. காரமான மைசூர்ப் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, வதக்கிய கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட், நடுவில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய ஷிரோ. கடலை, பட்டாணி மாவில் மசாலா சேர்த்துக் காய்ச்சுவது ஷிரோ; மாணவர்களின் மாதக் கடைசியைக் காப்பாற்றுவதும் அதுதான். கரண்டி இல்லை. இன்ஜெராவைக் கிழித்து, கறியை அதில் சுருட்டி, வலக்கையால் வாயில் போட வேண்டும். கறிச்சாறு ஊறிய அடித்தளத்தைக் கடைசியில் சாப்பிடுகிறார்கள். தாம்பாளம் வெறுமையாகிறபோது தட்டு, கரண்டி, சாப்பாடு மூன்றும் வயிற்றுக்குள் போயிருக்கும்.

வெளிநாட்டு உணவுப் பத்திகளில் எத்தியோப்பியச் சாப்பாடு என்றதும் பெர்பெரே மசாலாவின் பெருமைதான் முதலில் வரும். பெருமைக்குரியதுதான். மிளகாயை வெயிலில் காய வைத்து, பூண்டு இஞ்சியோடு இடித்து, மறுபடி காய வைத்து, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், அவர்கள் ஊர் ஏலமான கொரரிமா எல்லாம் சேர்த்து அரைக்கிற வேலை லேசானதல்ல. குழம்புக்கு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமல் நெடுநேரம் வதக்கிய பிறகே எண்ணெயும் பெர்பெரேயும் விழும். அவசரப்பட்டால் ருசி வராது. ஆனால் கடையின் உண்மையான உழைப்பு குழம்புச் சட்டியில் இல்லை என்பது பின்கட்டுக்குப் போனால் தெரியும். மூன்று நாள் வேலை வாங்குவது இன்ஜெரா. அதை மட்டும் இந்தக் கடையில் இரண்டாம் முறை கேட்டால் காசில்லாமல் வைக்கிறார்கள்.

பின்கட்டில் இன்ஜெரா சுடும் பெண்மணி கோஜ்ஜாம் பக்கத்திலிருந்து வந்தவர். கடைப் பையன்கள் அவரை ‘இத்யே’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். முன்னே சாப்பிடுகிறவர்களில் பலர் அவரைப் பார்த்ததே இல்லை. என்னோடு வந்த பல்கலைக்கழக மாணவர் அம்ஹாரிக்கிலிருந்து மொழிபெயர்த்தார். அவருக்கும் இந்தப் பின்கட்டு புதிது.

இன்ஜெராவுக்கான டெஃப் தானியத்தை இத்யே உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். ஆயிரம் மணியை நிறுத்தால் அரை கிராம் தேறாது. விரலிடுக்கில் வழிந்து போகிறது. வெள்ளை டெஃப் விலை அதிகம், சிவப்பு குறைவு. இந்தக் கடையில் இரண்டும் கலந்த ரகம். மாவைத் தண்ணீரில் கரைத்து, முந்தைய மாவின் மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீரான ‘இர்ஷோ’வை உறையாக ஊற்றி, மூடி வைத்துவிடுவார். இரண்டு மூன்று நாளில் புளிப்பேறி, மாவு அடியில் தங்கி, மேலே மறுபடி நீர் தெளியும். அந்த நீரில் அடுத்த உறைக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிட வேண்டும். அப்புறம்தான் முக்கியமான காரியம். புளித்த மாவில் ஒரு பங்கை எடுத்துத் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, ஆறவிட்டுப் பழையபடி மாவில் கலக்கிறார். இதற்கு ‘அப்ஸித்’ என்று பெயர். நம் வீடுகளில் ஆப்ப மாவுக்குக் கூழ் காய்ச்சிச் சேர்க்கிற அதே கைப்பழக்கம். டெஃபில் கோதுமையின் பசைப்புரதமான குளூட்டன் கிடையாது. காற்றைப் பிடித்து வைக்க மாவுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். வெந்த கூழ் அதைக் கொடுக்கிறது. அப்ஸித் கெட்டியானால் இன்ஜெரா தடித்துப் போகும், நீர்த்தால் கிழியும். அளவுப் பாத்திரம் எதுவும் அங்கே இல்லை. கரண்டியிலிருந்து மாவு வழிகிற வேகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்.

சுடுகிற கல் ‘மிட்டாத்’. ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர் அகலமுள்ள மண் வட்டம். எண்ணெய் தடவுவதில்லை. கடுகு இனத்து விதையைப் பொடித்துத் துணியால் தேய்க்கிறார்கள். கல் வழுவழுப்பாகி மாவு ஒட்டாமல் வருகிறது. மாவை விளிம்பில் தொடங்கிச் சுழித்துச் சுழித்து நடுவில் கொண்டுவந்து முடிக்கிறார். நம் தோசை நடுவில் பிறந்து வெளியே போவது. இது வெளியிலிருந்து உள்ளே வருகிறது. மாவைக் கல்லில் தேய்ப்பதும் கிடையாது, ஊற்றுகிற மணிக்கட்டே எல்லாவற்றையும் செய்கிறது. சில நொடிகளில் மேற்பரப்பு முழுக்கக் கண் திறக்கிறது. உடனே மூடியைப் போட்டு ஆவியில் வேகவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் புல்லால் பின்னிய தட்டையான முறத்தைக் கீழே செருகி எடுத்துவிடுகிறார். திருப்பிப் போடுவதே இல்லை. அடிப்பக்கம் வழவழப்பு, மேற்பக்கம் நெருக்கமான துளைகள். குழம்பை உறிஞ்சுவது அந்தத் துளைகள்தான். கண் சரியாகத் திறக்காத ஒன்றை அவர் தனியாக ஒதுக்கி வைத்தார். வாடிக்கையாளருக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, “பெண்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள்” என்றார்.

அந்தப் பின்கட்டில் இரண்டு அடுப்புகள். ஒன்று மின்சார மிட்டாத். மூன்றரை, நான்கு கிலோவாட் இழுக்கும். நகரத்தில் இன்று பெரும்பாலும் இதுதான். இன்னொன்று சிமெண்டும் நுரைக்கல்லும் கலந்து வார்த்த ‘மிர்த்’ விறகடுப்பு. 1990களில் பரவத் தொடங்கிய இந்த அடுப்பில், திறந்த மூன்று கல் அடுப்பைவிடப் பாதி விறகு போதும், புகையும் குறைவு. மின்சாரம் போகிற நாளில் இதுவே கடையை நடத்துகிறது. விறகு மேலேயிருந்து வருகிறது. இரண்டாம் மெனெலிக் மன்னர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கக் கொண்டுவந்து நட்ட யூகலிப்டஸ் இன்று எந்தோட்டோவை மூடிக்கிடக்கிறது. அதன் சுள்ளியையும் காய்ந்த இலையையும் முதுகு வளைய, ஆளைவிட நீளமான கட்டுகளாகச் சுமந்து பெண்கள் இறங்கி வருகிறார்கள். இலை சட்டென்று பற்றி எரிந்து அடங்குவதால் இன்ஜெராவுக்கு ஏற்ற தீ என்கிறார் இத்யே. சுடுபவர் பெண், சுமப்பவர் பெண். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் ஆண்.

டெஃப் விலை ஏற ஏற மாவில் அரிசி, மக்காச்சோளம், சோளம் கலப்பது நகரத்தில் வழக்கமாகிவிட்டது. அரிசி கலந்தால் பார்வைக்கு வெள்ளையாக வரும். ஆனால் சாயங்காலத்துக்குள் காய்ந்து நொறுங்கும். உள்ளூர் விலையைக் கட்டுப்படுத்தத்தான் அரசு 2006-இல் டெஃப் தானிய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சுட்ட இன்ஜெராவுக்குத் தடையில்லை. அது பெட்டிகளில் விமானம் ஏறி வாஷிங்டனில் இருக்கும் எத்தியோப்பியர்கள் வரை போகிறது. டெஃப் மாவைப் பதப்படுத்தும் முறைக்கு நெதர்லாந்து நிறுவனம் ஒன்று காப்புரிமையே வாங்கி வைத்திருந்தது. அதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்று ஹேக் நகர நீதிமன்றம் 2018-இல் செல்லாததாக்கியது. மாணவர் இதைச் சொன்னபோது இத்யே நம்பவில்லை. மாவு அரைப்பதற்கு எதற்கு உரிமை என்பதுதான் அவர் கேள்வி.

முன்கட்டில் ஓட்டுநர் ஒருவர் ஷிரோவில் தோய்த்த பெரிய கவளத்தை எதிரில் இருந்தவரின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். அன்பைக் காட்டும் இந்த ஊட்டலுக்கு ‘குர்ஷா’ என்று பெயர். எனக்கும் ஒன்று வந்தது, மறுக்க முடியாத அளவில். சாப்பாடு முடிந்ததும் காபி. கொட்டையை அங்கேயே வறுத்து, சாம்பிராணி போட்டு, ‘ஜெபெனா’ என்கிற மண்கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்ற வேண்டும் என்பது முறை. மதிய நெரிசலில் ஒரு சுற்றோடு எழுந்து போகிறார்கள்.

மிஞ்சியது வீணாவதில்லை. ஆறிப்போன இன்ஜெராவைப் பிய்த்து, வெங்காயமும் பெர்பெரேயும் போட்டுப் பிரட்டினால் காலைப் பலகாரமான ‘ஃபிர்ஃபிர்’. இத்யே ஒதுக்கி வைத்த, கண் திறக்காத இன்ஜெராவும் அதற்குத்தான். கூட்டம் கலைந்ததும் அவர் திங்கட்கிழமைக்கான மாவைக் கரைக்க ஆரம்பித்தார். கடைக்காரர் வந்து, இன்னொரு மின்சார மிட்டாத் வாங்கிவிட்டு விறகடுப்பை இடித்துவிடலாம், இடம் கிடைக்கும் என்றார். கை மாவிலேயே இருக்க அவர் பதில் சொன்னார், மாணவர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “வாங்குங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் உங்கள் மீட்டர் தாங்குமா என்று முதலில் மின்சாரக்காரரைக் கேளுங்கள். அதுவரை அடுப்பைத் தொடாதீர்கள்.”